என் பெயரில் ஒரு ஹோம்

எங்கள் டவுன்ஷிப் படிப்பகத்தில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டது. யார் எதை எழுதினாலும் எல்லாம் ஒரே இடத்தில் கிடக்கும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் தெரியாமல் அழித்துவிடுவார். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அங்கே சொல்லிக்கொடுத்த டீச்சர் ஆளுக்கொரு கணக்கு உண்டாக்கினார். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டி, என் பெயரை இனிஷியலோடு ஒட்டிச் சின்ன ஆங்கில எழுத்துகளில் போட்டார். அதே பெயரில் ஒரு ஃபோல்டர் வந்தது.

"இதுக்கு ஹோம்னு பேருங்க. உங்க வீடு மாதிரி. எழுதறதெல்லாம் இதுல வச்சுக்கலாம்," என்றார்.

என்னோடு சுரங்கத்தில் வேலை செய்யும் கூட்டாளி பக்கத்தில் நின்றான். "பார்றா! கான்ட்ராக்ட்காரனுக்கு குவார்ட்டர்ஸ் அலாட் ஆயிடுச்சு!" என்றான். டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் நிரந்தர வேலைக்காரர்களுக்கு மட்டும்தான்; எல்லோரும் சிரித்தார்கள்.

நான் ஐந்தாவதோடு நின்றவன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் கரியை வாருவதுதான் வேலை. பாஸ்வேர்டு எனக்கு மட்டும் தெரியும் என்ற தைரியத்தில், அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக எழுத ஆரம்பித்தேன். ஓடுகிற பெல்ட் திடீரென்று நின்றால் காதுக்குப் பயமாக இருக்கிறது என்று ஒரு வரி. ஒரு ராத்திரி ஷிஃப்டில் அது அப்படி நின்றுபோனதைப் பாதிவரை எழுதியிருந்தேன்.

ஒரு நாள் டீக்கடையில் கூட்டாளி கேட்டான்: "இன்னா மச்சான், காது இன்னும் பயந்துகினு இருக்குதா?"

உடம்பெல்லாம் கூசியது. எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும், இனி எழுதுவதே இல்லை என்று அடுத்த ஞாயிறு போய் உட்கார்ந்தேன். அழிக்கப் போகும்போதே டீச்சர் பார்த்துவிட்டார்.

"ஏங்க அழிக்கிறீங்க?"

"எல்லாரும் படிக்கிறாங்க டீச்சர். பாஸ்வேர்டு நான் யாருக்கும் சொல்லலைங்க."

"அது உங்க பேர்ல வேற யாரும் நுழையாம இருக்கத்தாங்க. அவங்கவங்க பேர்ல வந்தவங்க உங்க ஃபோல்டரைத் திறந்து படிக்கலாம். நான்தான் கதவைச் சாத்தாம விட்டுட்டேன்."

கறுப்புத் திரையில் இன்னொரு வரி தட்டினார். அவ்வளவுதான் வேலை.

கூட்டாளி வந்து, தன் பெயரில் நுழைந்து என் ஃபோல்டரைத் திறந்து பார்த்தான். அனுமதி இல்லை என்று வந்தது.

"வூட்டைச் சாத்திகினியா? பாதியில வுட்டுட்டியே மச்சான். அந்த பெல்ட்டு அப்புறம் ஓடிச்சா இல்லியா?"

"நீயும் அன்னிக்கு அங்கதான இருந்த?"

"இருந்தேன். நீ எப்படி எழுதுவன்னு பாக்கலாம்னுதான்."

அவன் எழுந்து இடம் கொடுத்தான். நான் என் பெயரில் நுழைந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். தோளுக்குப் பின்னால் அவன் மூச்சு பட்டது.

"எட்டிப் பாக்காத. தள்ளி நில்லு," என்றேன். படிப்பகம் முழுவதும் திரும்பிப் பார்த்தது.