வெளுத்துப்போன எரிமலைக் குழம்பு

போன வருஷம், லண்டனில் நானும் அம்மாவும் ஈஸ்ட் ஹாமிலிருந்து லூயிஷாம் சிவன் கோயிலுக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரயிலில் அம்மா என் மணிக்கட்டை விடவே இல்லை.

காரணம் அக்கா. எரிமலை ஆராய்ச்சிக்காக அவர் தான்சானியா போயிருந்தார். இன்று உலகில் வேறெந்த எரிமலையும் கக்காத குழம்பைக் கக்கும் ஓல் டொய்ன்யோ லெங்காய் அங்கேதான் இருக்கிறது. மற்றக் குழம்புகளின் பாதிச் சூடுதான். கறுப்பு எண்ணெய் மாதிரி ஓடும். ஈரம் பட்டால் கொஞ்ச நேரத்திலேயே சுண்ணாம்பாக வெளுத்துவிடும். அக்கா சொல்லச் சொல்ல எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை உச்சியிலிருந்து ஒரு படம் அனுப்பினார். பள்ளத்துக்குள் உடைந்த பல் போல ஒரு கூம்பு. அதிலிருந்து மை கொட்டியது போலக் கறுப்பு ஓடை. "இப்பதான் வழிஞ்சது! பின்னேரம் இறங்கிறம்" என்று எழுதியிருந்தார். பின்னேரம் பெருமழையில் பாதை சரிந்துவிட்டதாக, அடிவாரத்தில் நின்ற அவரது குழுவினர் அறிவித்தார்கள். அதன்பிறகு தகவலே இல்லை.

ரயில் லூயிஷாமை நெருங்கும்போது அக்காவுடன் மலையேறிய வழிகாட்டியின் போனிலிருந்து ஒரு படம் வந்தது. உச்சி விளிம்பில் அக்கா. 'நலம். அவர் போன் உடைந்துவிட்டது' என்று ஒரு வரி. நான் துள்ளினேன். அம்மா அசையவில்லை.

"இது எப்ப எடுத்த படம்?"

"இப்பதானேம்மா வந்தது."

"வந்தது இப்ப. எடுத்தது? ஊரில சண்டை நடந்த நேரம் பழைய படத்தைக் காட்டி, பிள்ளை சுகமா இருக்குது எண்டு சொல்லுவினம். நம்பிக்கொண்டிருந்த தாய்மாரை நான் கண்டனான்."

அந்த எண்ணுக்கு அழைத்தேன், போகவில்லை. படத்தைப் பெரிதாக்கினேன். அக்காவுக்குப் பின்னால் அதே உடைந்த பல். அதே ஓடை, அதே வளைவு. ஆனால்...

"அம்மா, வெள்ளை! வெள்ளை!"

எதிரே இருந்தவர் திடுக்கிட்டுப் பார்த்தார்.

"என்னடா வெள்ளை?"

"வெள்ளி காலமை கறுப்பு. இப்ப பாருங்கோ. இது மழைக்குப் பிறகு எடுத்த படம்! அக்கா இறங்கேல்ல, மேலதான் நிண்டிருக்கிறா!"

அம்மா இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னைத் தேத்திறதுக்குச் சொல்லேல்லையே?"

"நான் புளுகினாலும் கல்லுக்குப் புளுக ஆரம்மா சொல்லிக்குடுத்தது?"

அப்போதுதான் அம்மா அழுதார்.

கோயிலில் அக்காவின் பெயருக்கு அர்ச்சனை முடிந்ததும், அந்த மலைக்கும் ஒன்று செய்ய ஏலுமோ என்று ஐயரிடம் கேட்டார். "மலைக்கு என்னம்மா நட்சத்திரம்?" என்றார் ஐயர்.

அக்கா மறுநாள் பத்திரமாக இறங்கினார். அதுவரை அந்தக் குழம்பு வெளுப்பதை ஒரு விந்தையாகத்தான் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். இப்போது சொல்ல வாயெடுத்தாலே, என் மணிக்கட்டை இறுக்கியிருந்த அம்மாவின் கைதான் முதலில் நினைவுக்கு வருகிறது.