மூன்று கால் முளைத்த மாமரம்

பச்சை மாம்பட்டையைக் கத்தியால் கீறினால் ஒரு வாசனை வரும். மாங்காயைக் காம்போடு கிள்ளும்போது மூக்கில் ஏறுமே, அதே காரம்தான். அது எங்கே வந்தாலும் எனக்கு ஒன்பது வயதாகிவிடும். நான் செய்த காரியம் அப்படி.

வெள்ளைக்காரன் ஆட்சி இருந்த நாள் அது. கம்பத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டமும் பெரியப்பாவின் தோட்டமும் அடுத்தடுத்து இருந்தன. நடுவில் இருந்த வரப்பை ஒரு சாண் தள்ளிப் போட்டது யார் என்று அப்பாவும் பெரியப்பாவும் சண்டை பிடித்து, மண்வெட்டியைத் தூக்குகிற வரைக்கும் போய்விட்டார்கள். ஊர்க்காரர்கள் உட்கார்ந்து பேசி, பெரியகுளத்திலிருந்து ஓர் ஒட்டுமாங்கன்றை வரவழைத்து, இருவர் கையாலும் வரப்பின் நடுவில் நட வைத்தார்கள். "இது நிக்கிற வரைக்கும் வரப்பு இதுதேன். பட்டுப்போச்சுன்னா எங்ககிட்ட வராதீக" என்று சொல்லிவிட்டார்கள். அதனால் அந்தக் கன்றுக்கு எங்கள் இரண்டு வீட்டிலும் பிள்ளைக்குரிய மரியாதை.

அந்தக் கன்றில்தான், மூன்றாம் வருடம் ஆடிச் சாரலில், நான் எங்கள் ஆட்டைக் கட்டிவிட்டுத் தட்டாங்கல் ஆடப் போனேன். கட்டுவதற்கு வேறு மரமா இல்லை? விளையாட்டு அவசரம். திரும்பி வந்து பார்த்தால், ஒரு சாண் உயரத்துக்குப் பட்டையைச் சுற்றிலும் உரித்துத் தின்றுவிட்டு, ஆடு சாவகாசமாக அசைபோட்டுக்கொண்டிருக்கிறது! தூரில் இறுகியிருந்த முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. கயிற்றை அறுத்து ஆட்டை ஓட்டிவிட்டு, முடிச்சின்மேல் மண்ணைக் குவித்து மூடினேன். அப்பா வந்து கேட்டபோது என் பாழாய்ப்போன வாய் சொன்னது, "பெரியப்பா வீட்டு ஆடு."

அப்பா கம்பை எடுத்துக்கொண்டு வரப்புக்குப் போனார். அந்தப் பக்கம் பெரியப்பாவும் வந்துவிட்டார். "எங்க ஆடு கட்டுத்தறிய விட்டு நகரல. வேணும்னே பழி போடுறியா?" என்று அவர் கத்தினார். இருவருக்கும் நடுவே புகுந்து, கன்றின் பக்கத்தில் உட்கார்ந்தவர் பெரியம்மா. அவருக்குப் பிறந்த ஊர் பெரியகுளம். ஒட்டுக் கட்டுவது அவருடைய ஐயா வீட்டுத் தொழில். "சத்தம் போடாம இருங்க ரெண்டு பேரும். இல இன்னும் வாடல. வேருல இருக்குற தெம்பு தீர்றதுக்குள்ள பட்டைக்குப் பாலம் போட்டுட்டா பொழச்சுக்கிரும்" என்றார்.

அவர் வீட்டுக் குப்பைமேட்டில், போன வருடம் எறிந்த மாங்கொட்டைகள் விரல் பருமனுக்கு வளர்ந்து நின்றன. மூன்றை வேர்மண்ணோடு பெயர்த்து வந்து, கன்றைச் சுற்றிக் குழி தோண்டினார். மண்ணை ஒதுக்கிய கை நின்றது. என் முடிச்சு! எங்கள் வீட்டுக் கத்தாழைக் கயிறு. அப்பா முறுக்கியது என்று பார்த்தாலே தெரியும். பெரியம்மா தலையை நிமிர்த்தி என்னை ஒரே ஒரு பார்வை பார்த்தார். செத்தேன் என்று நினைத்தேன். அவரோ கத்தியால் முடிச்சை அறுத்துக் குழிக்குள் தள்ளி, அதன்மேல் ஒரு நாற்றை வைத்து மண்ணை மிதித்தார். பிறகு அப்பாவிடம், "எங்க ஆடுதேன் கொழுந்தனாரே. பல்லுத் தடம் பாத்தா தெரியாதா? நாங்கதேன் சரி பண்ணணும்" என்றார். பெரியப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெரியம்மா முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டார். அப்பா கம்பைக் கீழே போட்டார்.

காயத்துக்கு மேலே கன்றின் பட்டையில் ஒரு சீவல், நாற்றுத் தண்டில் அதே அளவுக்கு ஒரு சீவல். இரண்டு பச்சையையும் முகத்தோடு முகம் பொருத்தி வாழைநாரால் சுற்றி, சாணியும் செம்மண்ணும் பிசைந்து பூசினார். மூன்று நாற்றுக்கும் இப்படியே. என்னிடம் அவர் சொன்னதெல்லாம் இதுதான்: "ஏ புள்ள, தெனமும் நீதேன் தண்ணி ஊத்தணும். கொஞ்சங் கொஞ்சமா ஊத்து. தேங்குச்சுன்னா வேரு அழுகிரும்."

ஊற்றினேன், காய்ச்சல் வந்த அன்றும் விடாமல் ஊற்றினேன். மூன்று மாதம் கழித்து நாரை அறுத்துப் பார்த்தால், எது நாற்று, எது கன்று என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த நாற்றுத் தலைகளை மட்டும் பெரியம்மா நறுக்கினார். தை மாதம் உச்சியில் செம்பு நிறத்தில் தளிர் விட்டது. ஐயோ, அதைப் பார்த்து நான் அழுத அழுகை! குப்பையில் கிடந்த மூன்று கொட்டைகள், சாகக் கிடந்த ஒரு கன்றுக்குக் காலாகிவிட்டனவே என்று இந்த வயதிலும் எனக்கு வியப்பு அடங்கவில்லை. அப்புறம் அந்த மூன்று கால்களும் என் இடுப்பளவு பருத்தன. இரண்டு வீட்டாரும் முப்பது வருடம் அதன் பழத்தைப் பங்கு போட்டுத் தின்றோம். என் பொய்யை மட்டும் நானும் சொல்லவில்லை, பெரியம்மாவும் சொல்லவில்லை.

இன்று மரம் இல்லை. திராட்சைக்கு நிழல் ஆகாது என்று வெட்டிவிட்டார்கள். நானும் சரியென்றுதான் சொன்னேன். வரப்பும் இல்லை, பந்தல் ஒன்றாகிவிட்டது. போன மாதம் அந்த இடத்தில் நின்று, பெரியப்பாவின் பேரனிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவன் கொடியைக் கட்டிக்கொண்டே கேட்டான்: "அதென்ன அத்தே, எங்க வீட்டு ஆடு, உங்க வீட்டு ஆடுன்னு பிரிச்சுப் பிரிச்சுப் பேசுறீக? எல்லாம் நம்ம வீட்டு ஆடுதான?"