அண்டா காலியான பிறகு

1950களின் கடைசிப் பகுதியில், பட்டப்படிப்பை முடித்துவிட்டு, அரசுப் பள்ளி ஆசிரியர் பணிக்கான நேர்காணலை எதிர்பார்த்துச் சிராங்கூன் சாலையில் அக்காள் வீட்டு மாடியறையில் காத்திருந்தேன். வேலைநிறுத்த ஊர்வலங்களில் காணப்பட்டவர்களுக்கு அந்தப் பணி கிடைக்காது என்று எல்லாரும் சொல்லிக்கொண்டார்கள். ஆகவே நான் நடைபாதையில் நின்றே ஊர்வலங்களைப் பார்த்தேன். மக்கள் ஏன் அவற்றில் சேர்கிறார்கள் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதியும் வந்தேன். கூலி, கோபம், அவமானம், நண்பனின் அழைப்பு. எனக்குப் பொருந்தும் காரணம் எதுவும் அதில் இல்லை.

அத்தான் தஞ்சோங் பகாரில் துறைமுகத் தொழிலாளர்களுக்கு மெஸ் நடத்தினார். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. வேலைநிறுத்த நாள்களில் ஆட்கள் சோற்றைத் தேடி வரமாட்டார்கள். சோறுதான் ஆட்களைத் தேடிப் போகும். அப்படி ஒரு காலையில், அண்டா நிறையப் புளிச்சோற்றுப் பொட்டலங்கள் தயாராக இருந்தன. அண்டாவை மூங்கிலில் கோத்து இருவர் தோளில் தூக்க வேண்டும். வழக்கமாக மறுமுனையைப் பிடிப்பவர் காய்ச்சலில் கிடந்தார்.

"கேட் வரைக்கும்தான் லா மாப்ள. எறக்கி வச்சிட்டு பஸ் ஏறிடுங்க," என்றார் அத்தான்.

துறைமுக வாயில்வரை என்றால் ஆபத்தில்லை என்று எண்ணி மூங்கிலுக்குத் தோள் கொடுத்தேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஊர்வலம் நகரத் தொடங்கியிருந்தது. மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. ஈரச் சாலையிலிருந்து எழுந்த ஆவியில் கால்கள் மறைந்து, தோள்கள் மட்டும் மிதந்து செல்வதுபோல் இருந்தது. இறக்கி வைக்க இடமில்லை. அண்டாவோடு நாங்களும் நடந்தோம். இருபுறமும் கைகள் நீண்டு பொட்டலங்களை எடுத்தன.

"டிகிரி சோறு போடும்னு எங்கப்பா சொன்னாரு. இன்னிக்குத்தான் கண்ணால பாக்கறேன்!" என்றார், நான் படித்தவன் என்று அறிந்த மெஸ் வாடிக்கையாளர் ஒருவர். சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னோக்கிப் போய் எங்கோ கரைந்தது.

சவுத் பிரிட்ஜ் சாலைக்குள் திரும்பியபோது அண்டா காலி.

"முடிஞ்சுது மாப்ள. அதோ ஸ்டாப்பு. கெளம்புங்க," என்றார் அத்தான்.

பேருந்து வருவது தெரிந்தது. அந்த நேரத்தில் என் பக்கத்தில் நடந்த முன்பின் அறியாத ஒருவர், பாதி தின்ற பொட்டலத்தை என்னிடம் நீட்டினார்.

"நீங்க சாப்டீங்களா?"

சாப்பிட்டிருக்கவில்லை. ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டேன். வாயில் புளிச்சோற்றின் காரம் பரவிக்கொண்டிருக்கையில் பேருந்து நின்றது, பிறகு போனது. நான் மூங்கிலை இறக்கவில்லை. முழக்கங்கள் நீருக்கடியிலிருந்து கேட்பவைபோல் என் காதில் விழுந்தன. என் வாயும் அவற்றைச் சொல்லிக்கொண்டிருந்ததை மிகத் தாமதமாகவே உணர்ந்தேன்.

நேர்காணலுக்கு முதல் நாள் அத்தான் யோசனை சொன்னார். "கேட்டா, சோறு தூக்கத்தான் போனேன்னு சொல்லுங்க. பொய் இல்லியே!"

நேர்காணலில், ஊர்வலத்தில் நான் காணப்பட்டது பற்றிக் கேட்டார்கள். அப்படியே சொன்னேன். அதிகாரியின் முகம் தெளிந்தது. எனக்கு உதவவே விரும்பினார் என்று நினைக்கிறேன்.

"அவ்வளவுதானே?"

ஆம் என்ற ஒரு சொல் போதும். இந்த வேலைக்காக அக்காள் கோவிலில் நேர்ந்துகொண்டிருந்ததும் எனக்குத் தெரியும். ஆனால் வகுப்பறையில் பிள்ளைகள் முன் நிற்கப்போகிறவன், முதல் நாளே உண்மையை விழுங்கிவிட்டு உள்ளே போவதா?

"சோறு தீர்ந்த பிறகும் நடந்தேன்," என்றேன்.

"ஏன்?"

குறிப்பேட்டுக் காரணங்கள் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "சாப்பிட்டீர்களா என்று ஒருவர் கேட்டார்," என்றேன். அதிகாரி வெகுநேரம் எதையோ எழுதினார்.

நியமனக் கடிதம் வரவில்லை. அத்தான் மெஸ்ஸின் மூலையில் சாத்தியிருந்த மூங்கிலை எடுத்தார்.

"ஒரு வரிய முழுங்கியிருந்தா இந்நேரம் வாத்தியாரு. இப்ப பாருங்க, மூங்கிலுதான் மிச்சம்."

சொல்லிவிட்டு அதன் மறுமுனையை என் பக்கம் நீட்டினார்.