என் வலது காலின் தவக்காலம்

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் அன்று எங்கள் கோயிலில் பன்னிரண்டு பேரைப் பீடத்துக்கு முன்னால் உட்கார வைப்பார்கள். இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததைப் போல, சாமியார் ஒவ்வொருவர் முன்னாலும் மண்டியிட்டு, வலது பாதத்தில் தண்ணீர் ஊற்றி, துடைத்து, முத்தமிடுவார். சாந்தோம் பக்கத்தில் உள்ள எங்கள் பங்குக் கோயிலில் அந்தப் பன்னிரண்டு நாற்காலிகளும் எப்போதும் ஆண்களுக்குத்தான். ஒன்பது வயதில், அப்பா அதில் உட்கார்ந்து எழுந்து வந்ததும், "எனக்கு எப்பப்பா?" என்று கேட்டேன். "பொம்பளப் பிள்ளைங்களுக்கு இல்லம்மா" என்றார். அந்தக் கோபம் எனக்கு ஆறவே இல்லை. என் ஐம்பத்திரண்டாவது வயதில், புதிதாக மாற்றலாகி வந்த சாமியார் இந்த வருஷம் நான்கு பெண்களும் உண்டு என்று சொல்லி, என் பெயரையும் எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுது முடித்ததும் என் வலது பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஏழு மருக்கள் இருந்தன.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நான் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. முதலில் ஒன்றுதான் வந்தது. அதைக் கால் ஆணி என்று நானே முடிவு செய்து, மருந்துக்கடையில் ஆணி பிளாஸ்திரி வாங்கி மாதக்கணக்கில் ஒட்டினேன். போகவில்லை என்றதும் கணவரின் சவர பிளேடை எடுத்துச் சீவினேன். மரு வைரஸால் வருவது, சீவினால் பரவும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவள் நான்! ஒன்று ஏழானது. அடையாறில் ஒரு தோல் மருத்துவர் திரவ நைட்ரஜன் வைத்து மூன்று முறை உறைய வைத்தார். ஒவ்வொரு முறையும் போனது போலப் போய்த் திரும்பி வந்தது. "தானாகவே போயிடும், பொறுமையா இருங்க" என்றார். எப்போது என்று கேட்டதற்கு, சிலருக்கு இரண்டு வருஷம் ஆகும் என்றார். எனக்கு இருந்ததோ தவக்காலத்தின் நாற்பது நாட்கள்.

பன்னிரண்டு பாதங்களையும் துடைப்பது பெரும்பாலும் ஒரே துண்டு. அதற்கு மேல் முத்தம் வேறு. மரு போகாவிட்டால் சாமியாரிடம் போய் என் நாற்காலியை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிடச் சொல்வது என்று முடிவு செய்திருந்தேன்.

பாதம் கழுவக் கொடுப்பவர்கள் யாரும் அழுக்குக் காலோடு போவதில்லை. அப்பா முந்தின நாளே தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துக் காலைச் சிவக்க வைத்துக்கொள்வார். நாங்கள் நான்கு பெண்களும் ஒரு படி மேலே போய் பெடிக்யூர் என்று தீர்மானித்தோம். சாமியார் கழுவுவதற்கு என்ன மிச்சம் வைப்பீர்கள் என்று என் கணவர் கேட்டார். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் முடிந்த சனிக்கிழமை, மற்றவர்கள் என் மருக்களைப் பார்ப்பதற்கு முன்னால் தனியாகப் போய்விடலாம் என்று தி.நகரில் ஒரு சந்தில் மாடியில் இருந்த சிறிய பியூட்டி பார்லருக்குப் போனேன்.

அதை நடத்துபவருக்கு என் வயதுதான் இருக்கும். முகத்தைப் பார்த்து, வடகிழக்கிலிருந்து வந்தவராக்கும் என்று நினைத்தேன். என்ன வேலை என்று விசாரித்துக்கொண்டே என் காலைத் தூக்கிப் பார்த்தவர், கால் ஊற வைக்கும் டப்பை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"டீச்சரம்மா, இத வச்சிக்கினு என் டப்புல கால வுடாதீங்க. இது ஆணி இல்ல, மரு. உள்ள கருப்புப் புள்ளி கீது பாருங்க."

"எனக்குத் தெரியும்" என்றேன், சுருக்கென்று.

"தெரிஞ்சிக்கினேவா பிளேடு போட்டீங்க?"

அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய் ஒரு தகர டப்பாவோடு வந்தார். "நான் மாம்பலத்துல பொறந்தவ. எங்க கொள்ளுத்தாத்தாதான் சீனாலேந்து கப்பல்ல வந்தாரு. எங்க வூட்ல இதுக்கு ஒரு மருந்து கீது. எல்லாருக்கும் கேக்கும்னு நான் சொல்லல. எங்கம்மாவுக்குக் கேட்டுச்சு." கல்கத்தாவில் இருக்கும் சொந்தக்காரர்கள் கூரியரில் அனுப்புவார்களாம். டப்பாவில் இருந்ததைச் செய்தித்தாளில் கொட்டினார்.

முதலில் என் கண்ணில் பட்டது கணுக்கணுவான, உள்ளீடற்ற பச்சைத் தண்டுகள். ஒன்றை எடுத்துத் தடவினேன். உப்புத்தாள் போலச் சொரசொரத்தது. அது ஈக்விசிட்டம், குதிரைவால் செடி. டைனோசருக்கும் முந்தைய குலம். இருபத்தாறு வருஷமாகப் பதினோராம் வகுப்புக்கு அதன் படத்தைக் கரும்பலகையில் வரைந்து வருகிறேன். கல்லூரியில் அதன் குறுக்குவெட்டைக் கண்ணாடித் தகட்டில் பார்த்ததோடு சரி. ஒரு துண்டையாவது கையில் தொட்டதில்லை. அதை இப்போது என் கால் கழுவுவதற்காக ஒருவர் கைப்பிடி கைப்பிடியாக அள்ளி வைக்கிறார்.

இரண்டாவது கோரைக்கிழங்கு. எங்கள் பள்ளி மைதானத்தில் பிடுங்கப் பிடுங்க முளைக்கும் களை. "இது மயிலாப்பூர் நாட்டு மருந்துக்கடையிலேயே கிடைக்குமே!" என்றேன். "ஆமா, எங்கம்மாவும் அங்கதான் வாங்குவாங்க" என்றார். மூன்றாவது, கஞ்சி வைத்துக் குடிப்பதற்கு வெள்ளைத் தானியம் ஒன்று. நடுவில் பழுப்பாக ஒரு கோடு. அதை உருட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று கைப்பையிலிருந்து என் ஜெபமாலையை எடுத்தேன். சாம்பல் நிறத்தில் பளபளக்கும் விதைகளைக் கோத்த மாலை. இரண்டும் ஒரே செடி. ஒரு வகைக்கு ஓடு கல் போல இருக்கும், இன்னொன்றுக்கு ஓடு மெல்லியது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"அப்ப நீங்க கையில உருட்டிக்கினு சாமி கும்புடறத நாங்க கஞ்சி வச்சிக் குடிக்கிறோமா?" என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேலெல்லாம் புல்லரித்தது. எத்தனை நாட்டு மக்கள், ஒருவரை ஒருவர் அறியாமலே, ஒரே செடியின் முன் குனிந்திருக்கிறார்கள்!

தண்டையும் கிழங்கையும் சேர்த்துக் கொதிக்க வைத்து, பொறுக்கும் சூட்டில் தினமும் மாலை அரைமணி நேரம் பாதத்தை ஊற வைக்க வேண்டும். எனக்கென்று தனி வாளி, தனித் துண்டு. மருந்து முடியும்வரை மீன், இறால் கூடாது. தவக்காலத்தில் இறைச்சியும் கிடையாது. "ஆக, கத்திரிக்காயோட உயிர்த்தெழ வேண்டியதுதான்" என்று கணவர் புலம்பினார்.

சனிக்கிழமைதோறும் தி.நகர். அவர் கையுறை மாட்டிக்கொண்டு குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து, என் காலைத் தன் மடியில் வைத்து, ஊறிய தோலை மட்டும் பூப்போல வழித்தெடுப்பார். நானே பார்க்கக் கூசும் கால் அது. அவரோ அதை மடியில் வைத்துக்கொண்டு காய்கறி விலை, தண்ணீர் லாரி, மருமகள் என்று ஓயாமல் பேசுவார்.

மூன்றாவது வாரமும் ஏழு அப்படியே இருந்தது. பொறுமையிழந்து, "கஞ்சி குடிச்சதுதான் மிச்சம்" என்று கத்திவிட்டேன். "டாக்டருக்கு மட்டும் மாசக்கணக்குல டைம் குடுத்தீங்க, எனக்கு மூணு வாரம் குடுக்க மாட்டீங்களா?" என்று கேட்டாரே தவிர, என் காலைக் கீழே வைக்கவில்லை.

நான்காவது வாரம் மருக்கள் கறுத்தன. ஐந்தாவது வாரம் இரண்டு காணாமல் போயின. குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள் குதிகால் ஓரம் ஒன்றுதான் பாக்கி. பெரிய வியாழனுக்கு முந்தின புதன்கிழமை பள்ளி ஆய்வகத்தின் உருப்பெருக்கியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு உருப்பெருக்கியை என்னிடம் நீட்டினார்.

"ரேகை பாருங்க. மரு இருந்தா ரேகை சுத்திக்கினு போவும். இப்ப நேரா போவுது."

பார்த்தேன். உழுத வயல் போல ஒரு தடையும் இல்லாமல் கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன. மருந்தா, நாளாவட்டத்தில் உடம்பே விரட்டியதா என்று வகுப்பில் யாராவது கேட்டால், ஒரு காலை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தக் கோடுகளைப் பார்த்தபோது எனக்குக் கேள்வி எதுவும் வரவில்லை. ஆச்சரியத்தில் நெஞ்சு நிறைந்திருந்தது.

மறுநாள் மாலை ஒன்பதாவது நாற்காலியில் உட்கார்ந்தேன். சாமியார் முட்டி வலியோடு மண்டியிட்டு, தண்ணீர் ஊற்றி, துடைத்து, முத்தமிட்டுப் பத்தாவது நாற்காலிக்கு நகர்ந்தார். நாற்பத்து மூன்று வருஷம் காத்திருந்தது சில நொடிகளில் முடிந்துவிட்டது. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. இந்தக் காலை ஏற்கெனவே ஒருவர் கழுவிவிட்டார் என்றுதான் தோன்றியது, அதுவும் தொடவே கூசும் நிலையில் அது இருந்தபோது.

சனிக்கிழமை நேராக மாடி ஏறி, அவருடைய குட்டி ஸ்டூலில் நான் உட்கார்ந்துகொண்டேன். வாடிக்கையாளர் நாற்காலியைக் காட்டி, "நீங்க அங்க உக்காருங்க" என்றேன்.

"இன்னா டீச்சரம்மா, வெயில்ல மண்ட காஞ்சிருச்சா?"

"உங்க காலை யாராவது கழுவியிருக்காங்களா?"

"எனக்கு யாரு கழுவுவாங்க? நான்தான் ஊருக்கே கழுவிக்கினு கீறேன்."

முறைத்தார், சிரித்தார், கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு மெல்லச் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து வலது காலை நீட்டினார். நாள் முழுக்க நின்று வீங்கிய கால். நான் வெந்நீரை ஊற்றினேன். ஆறு வாரமாக ஓயாமல் பேசியவர் அந்த நேரம் முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை.