திமிறியும் மீள முடியாதது

தெருவில் அவளுக்கு ‘அகராதி’ என்று பெயர். திமிர் பிடித்தவள் என்பதால் அல்ல. பார்த்த வேலை அப்படி. அகராதி அலுவலகம் ஒன்றில் இருபத்திரண்டு வருடம் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் எழுதினாள். வீட்டில் அவளும் அக்காவும் மட்டும்தான். தாய் போன பிறகு வளர்த்து ஆளாக்கியவள் அக்கா.

வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்று பெரிய அகராதி வேலைக்கு இரண்டு முறை அழைத்தது. பேச்சை எடுத்தாலே அக்காவுக்கு நெஞ்சு படபடக்கும். இரண்டு முறையும் இவளே அழைப்பைக் கிழித்துப் போட்டாள்.

மூன்றாவது அழைப்பு வந்த வாரம், ‘இனிலக்டபிள்’ (ineluctable) என்ற சொல் அவள் மேஜைக்கு வந்தது. ‘தவிர்க்க முடியாத’ என்று எழுதியவள், மூலத்தைப் பார்த்ததும் அடித்தாள். லத்தீனில் அதற்குள்ளே மல்யுத்தம் இருந்தது. கட்டிப் புரண்டாலும் விடுபட முடியாதது என்று பொருள். நாவலாசிரியர்கள் அதை விதிக்கும் சாவுக்கும் முன்னால்தான் போட்டிருந்தார்கள். அவள் எழுதிய எடுத்துக்காட்டு வேறு: ‘திமிறியும் மீள முடியாத அன்பு.’

அவளைவிட வயதில் சின்னவரான பதிப்பாசிரியர் நெற்றியைச் சுருக்கினார். “அன்புக்குப் போய் யாராவது இந்தச் சொல்லைப் போடுவாங்களாம்மா?”

“மாட்டிக்கிட்டவங்க போடுவாங்க சார்.”

அவர் அடுத்த சொல்லுக்குத் தாளைப் புரட்டினார்.

அன்று சாயங்காலம் அக்காவிடம் சொன்னாள், “இந்தத் தடவை போகலாம்னு இருக்கேன்க்கா.”

அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தாள். இவள் தண்ணீர் கொடுத்தாள். பிறகு, இதுவரை செய்யாத ஒன்றாக, மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். துடிப்பு ஒரே சீராக இருந்தது. தலைநிமிர்ந்தபோது அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையும் களவுமாக அகப்பட்ட முகம்.

சண்டை போட அவளிடம் இருபது வருடத்துச் சொற்கள் இருந்தன. ஆனால் அக்காவின் கையை மெல்லக் கட்டிலில் வைத்தாள்.

“போறதுன்னா போடி,” என்றாள் அக்கா. “நான் பாட்டுக்குக் கிடக்கேன்.” சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி, சத்தமில்லாமல் அழுதாள். நடிப்பில்லை.

அழுகையும் பொய்யாக இருந்திருந்தால் உதறியிருப்பாள். இதை எங்கே பிடித்து உதறுவது?

பதில் எழுதவேண்டிய கடைசி நாள் கடந்துபோனது. அந்த இடத்துக்கு வேறொருவர் போனார். அவள் அதே மேஜையில் ஓய்வுபெற்றாள். அக்காவுக்கு இப்போது எழுபத்தெட்டு; நெஞ்சில் ஒரு கோளாறும் இல்லை என்கிறார் டாக்டர்.