பட்டியலில் இரண்டு ரிமோட்

எங்கள் சர்வீஸ் கடையில் அக்காவுக்கு ரேகைக்காரி என்று பட்டப்பெயர். கைரேகை பார்ப்பவள் இல்லை. டிவியில் படம் ஓட்டுகிற அந்தச் சின்னப் பெட்டிக்கு ரிமோட் இணைப்பதும், இணைய மறுக்கிற ரிமோட்டைத் திட்டித் திருத்துவதும்தான் அவள் வேலை. ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும் ரிமோட்டை முதலில் கையில் வாங்க மாட்டாள். "நீங்க எப்பவும்போல அழுத்துங்க, நான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு அழுத்துகிறவரின் விரலையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அவசரக்காரர் விரல் எது, பயந்தாங்கொள்ளி விரல் எது, பேட்டரி தீர்ந்தது தெரியாமல் பட்டனோடு மல்லுக்கட்டுகிற விரல் எது என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. "அந்த வீட்டுல அவரு சத்தத்தக் கூட்டுறாரு, அந்தம்மா குறைக்கிறாங்க. குறைக்கிற பட்டன்தான் தேஞ்சிருக்கு, அப்ப யாரு ஜெயிக்கிறாங்கன்னு பாத்துக்கோ" என்று வந்து சொல்லிச் சிரிப்பாள்.

நான் அதே கடையில் போன் எடுக்கிறவள். அவள் வெயிலில் ஸ்கூட்டரில் அலைவாள், நான் நாற்காலியில் உட்கார்ந்து புகார் எழுதுவேன். இதற்கு முன் அக்கா ரேடியோ செய்கிற தொழிற்சாலையில் பதினாறு வருடம் ஈயம் பற்றவைத்தாளாம். அதை மூடியதும் யார் காலிலும் போய் விழாமல் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டாள். லாரி ஓட்டுகிற கணவர் மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. வீட்டுக்குப் போனால் பேச ஆள் இல்லையென்று கடையிலேயே எல்லாக் கதையையும் பேசித் தீர்த்துவிட்டுத்தான் கிளம்புவாள். பேய் பிசாசு என்று யாராவது வாயெடுத்தால் மட்டும் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அப்படிப்பட்டவளிடம்தான் அந்தத் தட்டச்சர் அம்மாவின் புகாரைக் கொடுத்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருப்பவர். மூன்றாவது மாடியில் வாடகைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. டிவியும் பெட்டியும் வீட்டுக்காரருடையவை. பகலில் டிவி தானாக உயிர் பெறுகிறது, தானாகச் சத்தம் ஏறுகிறது, இறங்குகிறது என்றார். நான் எழுதிக்கொண்டே, "ரிமோட் மேல எதாவது வச்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தி, "இல்லம்மா. நான் பேசினா அது பதில் சொல்லுது" என்றார்.

அக்கா அந்த வெள்ளிக்கிழமை மதியம் போனாள். டிவி மேல் போர்வை போட்டு மூடியிருந்ததாம். தட்டச்சர் அம்மா வாசற்படியை விட்டு உள்ளே வரவே இல்லை. "இன்னிக்கு இதச் சரிபண்ணாட்டி நான் வீட்டக் காலி பண்ணிடுவேன். ராத்திரி தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா? முந்தாநாள் யாருன்னு கேட்டேன், சத்தம் ரெண்டு புள்ளி ஏறுச்சு" என்றார்.

அக்கா போர்வையை எடுத்தாள். அந்தம்மாவின் ரிமோட்டைத் திறந்து, இரண்டு பேட்டரியையும் கழற்றி மேசைமேல் வைத்தாள். டிவியைக் கையால் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு திரையின் ஓரத்தில் சத்தத்தின் அளவைக் காட்டுகிற கோடு வந்தது. நாலு புள்ளி ஏறி நின்றது. சற்று நேரம் கழித்து மறுபடி நாலு புள்ளி. மேசைமேல் பேட்டரியில்லாத ரிமோட் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. தட்டச்சர் அம்மா வாசலில் நின்று அழ ஆரம்பித்துவிட்டார்.

அக்காவுக்கும் முதுகு சில்லிட்டதாம். பிறகுதான் சொன்னாள். ஆனால் கை அதன் பாட்டுக்கு வேலையைச் செய்தது. பேட்டரியைப் போட்டு, செட்டிங் பக்கத்தைத் திறந்து, பெட்டியோடு இணைந்த ரிமோட்டுகளின் பட்டியலைப் பார்த்தாள். ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருந்தன.

"பாருங்கம்மா, பேயும் இல்ல பிசாசும் இல்ல. இன்னொரு ரிமோட் எங்கயோ உசுரோட இருக்கு. இந்த மாதிரி ரிமோட் சுவரத் தாண்டியும் வேலை செய்யும். வீட்டுக்காரரு எங்க இருக்காரு?"

"பக்கத்து வீடுதான், இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம். முன்னாடி அவங்க குடும்பம் இங்கதான் இருந்துச்சு, இப்ப அந்தப் பெரிய வீட்டுக்கு மாறிட்டாங்க. மாத்தும்போது பழைய ரிமோட் தொலைஞ்சிடுச்சுன்னு எனக்குப் புதுசு வாங்கிக் கொடுத்தாரு. ஆனா பகல்ல அங்க ஆளே கிடையாதே, பூட்டித்தான் இருக்கும். இப்ப ஊருக்கு வேற போயிருக்காங்க, திங்கக்கிழமைதான் வருவாங்க."

"அப்ப ஏதாவது சாமானுக்கு அடியில மாட்டி அழுந்திட்டிருக்கும்" என்று அக்கா சொன்னாள். பட்டியலில் இருந்த பழைய ரிமோட்டை நீக்கினாள். திரையில் ஏறிக்கொண்டிருந்த கோடு பாதியில் நின்றது. பத்து நிமிடம் பார்த்தார்கள், அசையவில்லை. தட்டச்சர் அம்மா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, நீ நல்லா இருக்கணும் என்றார்.

வேலை கச்சிதமாக முடிந்தது. ஆனால் கடைக்குத் திரும்பிய அக்கா சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"ஏண்டி, மாட்டிக்கிட்ட பட்டன் விடாம ஏறும். இது நாலு அழுத்திட்டு நிக்குது. மறுபடி நாலு. நடுவுல என்னத்துக்கு நிக்கணும்?"

"சாப்பிடுக்கா. பேய் இல்லன்னு நீதான சொன்ன?" என்று நான் கிண்டல் செய்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தட்டச்சர் அம்மா மறுபடி கூப்பிட்டார். டிவி அமைதியாக இருக்கிறது, ஆனால் நேற்று சாயங்காலத்திலிருந்து சுவரில் ஏதோ தட்டுகிற சத்தம் கேட்கிறது என்றார். டொக் டொக்கென்று நாலு தரம், அப்புறம் நின்றுவிடும். விடிந்ததிலிருந்து அதுவும் குறைந்துகொண்டே வருகிறது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அம்மா, சுவர்ல சத்தம் வந்தா நாங்க ஒண்ணும் பண்ண முடியாது. டிவி சரியாயிடுச்சு இல்ல?" என்று கேட்டு, புகாருக்கு எதிரே 'தீர்ந்தது' என்று எழுதி வைத்தேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த ஒரு சொல்லை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு கூசுகிறது.

பன்னிரண்டு மணிக்கு அக்கா வந்தாள். பேச்சோடு பேச்சாகச் சொன்னேன்.

"நாலு தரமா? நின்னு நின்னா?"

"ஆமா."

"அடிப்பாவி! அங்க ஆள் இருக்கு. யாரோ பதிலுக்குக் காத்துக்கிட்டிருக்காங்க. நேத்து அந்த வாயையும் நான் அடைச்சுட்டு வந்துட்டேன்."

போனை எடுத்துக் கீழே வைத்துவிட்டு நானும் அவள் ஸ்கூட்டரின் பின்னால் ஏறினேன்.

நாங்கள் போனபோது சுவரில் சத்தம் இல்லை. பக்கத்து வீட்டுக் கதவில் பெரிய பூட்டு தொங்கியது. அக்கா மணியை அடித்தாள், கதவை ஓங்கித் தட்டினாள். காதை வைத்துக் கேட்டாள். அந்த நடைவழியில் எங்கள் மூச்சைத் தவிர வேறு ஒன்றும் கேட்கவில்லை.

தட்டச்சர் அம்மாவின் வீட்டுக்குள் வந்தோம். அக்கா டிவியைப் போட்டு, புதிய ரிமோட் சேர்க்கும் பக்கத்தைத் திறந்தாள். 'தேடுகிறது' என்று திரையில் வந்தது. பிறகு அவள் சுவரோடு ஒட்டி நின்று, கடையில் கதை பேசுகிற அதே குரலில் கத்தினாள்.

"உள்ள இருக்கிறவங்க கேளுங்க! கையில இருக்கிற ரிமோட்டுல வீட்டுப் படம் போட்ட பட்டன் இருக்கும். அத அழுத்திப் பிடிங்க. நான் பத்து எண்ணுற வரைக்கும் விடாதீங்க!"

எண்ணினாள். பத்து முடிந்தது. திரையில் ஒன்றும் இல்லை.

"பரவால்ல, மறுபடி. ஒண்ணும் அவசரமில்ல."

இரண்டாம் முறையும் இல்லை. தட்டச்சர் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார், அவர் விரல்கள் ஐஸாக இருந்தன. வெறும் சுவரைப் பார்த்து மூன்று பொம்பளைகள் நிற்கிறோமே, யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று எனக்கு ஓடியது. யாரும் அழுத்திவிடக் கூடாதே என்றும் ஒரு பக்கம் பயந்தேன். உண்மையைச் சொன்னால் அந்தப் பயம்தான் அதிகமாக இருந்தது.

மூன்றாம் முறை அக்கா மெதுவாக எண்ணினாள். எட்டு. ஒன்பது. பத்து. அவள் நிறுத்தவில்லை. பதினொன்று, பன்னிரண்டு என்று போய்க்கொண்டே இருந்தாள். பதினாலில் திரையில் ஒரு வரி வந்தது: புதிய ரிமோட் கிடைத்தது.

அக்கா அதைச் சேர்த்தாள்.

"நான் கேக்கிறதுக்கு ஆமான்னா சத்தத்தக் கூட்டுங்க. தனியாவா இருக்கீங்க?"

கோடு ஒரு புள்ளி ஏறியது.

"எழுந்திரிக்க முடியுமா?"

அசையவில்லை.

"நேத்திலேர்ந்து யாராவது வந்தாங்களா? சாப்பிட்டீங்களா?"

அசையவில்லை.

"தண்ணி வேணுமா?"

கோடு ஏறியது. ஏறிக்கொண்டே போனது. திரையில் படம்கூட இல்லை, கோடு மட்டும் ஓரத்தில் உச்சியைத் தொட்டு நின்றது. தட்டச்சர் அம்மா, "ஐயோ, ரெண்டு மாசமா நான் பேய்னு போர்வை போட்டு மூடினேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

நான் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்து, சுவர் ஓரமாகவே நின்றேன். அந்த முட்டாள்தனத்தையும் நான்தான் செய்தேன். பின்னால் கூட்டத்தின் சிரிப்பும் பாத்திரச் சத்தமும் கேட்டன.

"சார், உங்க வீட்டுக்குள்ள யாரோ இருக்காங்க. உடம்பு முடியாதவங்கபோல இருக்கு."

அவர் தெளிவாக, உரக்கச் சொன்னார்: "யாரும் இல்லைங்களே. எங்கப்பாவ அப்பவே தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிட்டோம். அங்க யாருமே இல்ல."

டிவியில் கோடு இறங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு புள்ளியாக, அவசரமே இல்லாமல் இறங்கி, பூஜ்யத்தில் போய் நின்றது. அக்கா சுவரில் கையை வைத்து, "ஐயா! ஐயா!" என்று கூப்பிட்டாள். அதன்பிறகு அது அசையவே இல்லை.

குழாய் உடைந்தால் திறப்பதற்காக எல்லா வீட்டு மாற்றுச் சாவியும் கீழே காவலாளி அறையில் தொங்கும். காவலாளி தயங்கினார். "ஓனரு யாரும் இல்லன்றாரே. நாளைக்கு என்னத்தான கேப்பாரு?"

"யாருமில்லாத வீட்டத் திறந்தா யாருக்கு என்ன நஷ்டம்? வாய்யா!" என்று அக்கா போட்ட சத்தத்தில் அவர் சாவியோடு ஓடி வந்தார்.

கடைசி அறை. ஜன்னல் மூடி, நாற்றம் அடைத்துக் கிடந்தது. அந்தச் சுவரை ஒட்டிக் கட்டில். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, பேச்சும் போன ஒரு பெரியவர். பக்கவாதம் வந்த கைக்குப் பயிற்சியாக எதையாவது அழுத்தச் சொல்லுங்கள் என்று வைத்தியர் சொன்னாராம், தொலைந்துபோனதாகச் சொன்ன அந்தப் பழைய ரிமோட்டையே வீட்டுக்கார மகன் பேட்டரியோடு கொடுத்திருக்கிறார். காலையும் மாலையும் வந்து பார்க்க வேண்டிய ஆயா வெள்ளிக்கிழமையிலிருந்து வரவே இல்லை. இதெல்லாம் பிறகு காவலாளி விசாரித்துச் சொன்னது.

உயிர் இருந்தது. அக்கா அவர் தலையைத் தூக்கிப் பிடித்துக் கரண்டியால் தண்ணீர் கொடுத்தாள், நான் ஆம்புலன்சுக்குப் பேசினேன். தண்ணீர் பாதி உள்ளே போனது, பாதி கழுத்தில் வழிந்தது. ஐயா, ஆள் வந்தாச்சு, இங்க பாருங்க என்று அக்கா எத்தனையோ தரம் சொன்னாள். அவர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. மகனின் குரல் வந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.