காலையில் கூரை, மாலையில் வளைவு

எங்கள் ஊர் வாட்ஸ்அப் குரூப்பை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று போன மாதம் ஊர்த் தலைவர் கோதண்டம் என் வீட்டுக்கே வந்து புகார் கொடுத்தார்.

பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு சின்ன மீனவக் குப்பம் எங்களுடையது. இங்கே ஹேக் செய்து அள்ளிக்கொண்டு போக என்ன இருக்கிறது? தண்ணீர் லாரி வரும் நேரமும், எரியாத தெருவிளக்கின் போட்டோவும்தானே...

"சிரிக்காத சார். ஏரிலேர்ந்து வந்து பார்த்தா கூரை ஜெயிக்குது. சாயங்காலம் பார்த்தா வளைவு ஜெயிக்குது. மறுநாள் வந்து பார்த்தா திரும்பவும் கூரை! எவனோ உள்ள பூந்து விளையாடிகினு இருக்கான்."

"நீங்க எதுக்கு ஓட்டு போட்டீங்க?"

"வளைவுக்குத்தான். என் விரலால நானே தட்டினேன். மறுநாள் பார்த்தா என் ஓட்டே கூரைல குந்திகினு இருக்குது. பேஜாரா இல்ல?"

பேஜார்தான். ஆனால் யாருக்கு என்பது அப்போது எனக்கும் தெரியவில்லை.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு அந்த குரூப்பைத் தெரியும். நான்தான் அட்மின். அனுப்பம்பட்டில் மின்சார ரயில் ஏறிப் போய் அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளியவன், ஓய்வு பெற்றதும் சும்மா இருப்பானா? 'ஊர் நலக் குழு' என்று பெயர் வைத்து, விதிகள் எழுதி, மேலே பின் செய்தும் வைத்தேன். காலை வணக்கப் பூக்கள் கூடாது. அரசியல் கூடாது. சாமி படத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லி மிரட்டக் கூடாது. நீங்கள் நம்ப மாட்டீர்கள், உருப்படியாக வேலையும் நடந்தது. படகுத்துறைக் குப்பையை எல்லோருமாக அள்ளினோம். தெருவிளக்கு எரிந்தது. ஊரே என்னைப் பாராட்டியது என்று எழுத ஆசைதான்... இரண்டு பேர் கட்டைவிரல் போட்டார்கள்.

அந்தத் தெம்பில் அடுத்த வேலையைத் தொட்டோம். ஊர்ப் பொதுப்பணம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஒரு வேலைக்குத்தான் போதும். என்ன செய்யலாம்?

ஆண்கள் கேட்டது ஊர் முகப்பில் ஒரு வளைவு. ஊர்ப் பெயர் எழுதி, விளக்குப் போட்டு. ஏன்? பக்கத்து ஊரில் கட்டிவிட்டார்கள். வேறு காரணம் வேண்டுமா என்ன?

பெண்கள் கேட்டது படகுத்துறையில் ஒரு கூரை. மீனும் நண்டும் விற்கிறவர்கள் வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏரிக் காற்றில் குடை நிற்பதில்லை, பறந்து போய்த் தண்ணீரில் மிதக்கிறது. எனக்கு நண்டு தரும் மல்லிகா போன கோடையில் கூடை மேலேயே மயங்கிச் சரிந்தாள். இன்னொரு கோடை இப்படி வெயிலில் உட்கார்ந்தால் தாங்காது என்று பொன்னேரி டாக்டர் சொல்லிவிட்டார்.

"அடுத்த வெயிலுக்குள்ள கூரை வரலைன்னா நான் இடத்த வுட்டுடணும் சார்" என்றாள். "இடம் போச்சுன்னா யாவாரம் போச்சு. எங்க வூட்டுக்காரு ஒருத்தரு வலைய நம்பி குடும்பம் ஓடுமா?"

அவள் வீட்டுக்காரர் தேசிங்கும் வளைவுக் கட்சிதான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் ஊர்க் கூட்டத்தில் பெண்கள் வந்து உட்காரும் வழக்கம் இல்லை. தள்ளி நின்று கேட்கலாம். கூட்டத்தில் வைத்தால் வளைவு ஐந்து நிமிடத்தில் நிறைவேறிவிடும். அதனால்தான், வீட்டில் பெண்களையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தட்டுவார்கள் என்று நம்பி, சாமர்த்தியமாக, 'நவீன முறையில் குரூப்பிலேயே வாக்கெடுப்பு நடத்துவோம்' என்று நான் யோசனை சொன்னேன். ஒருவருக்கு ஒரு வாக்கு. ஒரு வாரம் அவகாசம். மனம் மாறினால் வாக்கை மாற்றிக்கொள்ளலாம்.

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சேர்க்கும்போது எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

சரி, புகாருக்கு வருவோம். விசாரணை என்று வந்துவிட்டால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். இரண்டு நாள் போனும் கையுமாக உட்கார்ந்து அந்த ஓட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். விடிந்து படகுகள் ஏரிக்குள் போகும். சிறிது நேரத்தில் கூரைக்கு ஓட்டுகள் ஏற ஆரம்பிக்கும். மதியம் படகுகள் திரும்பும். ஆண்கள் சாப்பிட்டுத் தூங்கி எழுவார்கள். டீக்கடைப் பக்கம் போனால் வளைவு ஏறும். கூரை இறங்கும். ஏரியில் தண்ணீர் ஏறுவதும் வற்றுவதும் போல, அவ்வளவு ஒழுங்காக!

விஷயம் இதுதான். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு டச் போன். உப்புத் தண்ணீர் பட்டால் செத்துவிடும் என்பதால் அதை யாரும் படகில் கொண்டுபோவதில்லை. பாலிதீன் கவரில் சுற்றிய பட்டன் போன்தான் ஏரிக்குப் போகும். டச் போன் வீட்டில், மனைவி கையில்.

என் குரூப் உறுப்பினர்கள் எல்லோரும் ஆண்கள். பெயரளவில்! தேசிங்கு, கோதண்டம், அந்தோணி... காலையில் ஓட்டுப் போட்ட தேசிங்குக்கு வளையல் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

கோதண்டத்தை வீட்டுக்குக் கூப்பிட்டு விளக்கினேன். "யாரும் ஹேக் பண்ணலை. உங்க போன் காலைல யார் கையில இருக்குன்னு பாருங்க."

யோசித்தார். முகம் மாறியது. "எங்க மருமவளா? நைனா நைனான்னு அவ்ளோ மரியாதையா சோறு போடுறாளே சார்!"

"சோறு வேற, ஓட்டு வேற."

பலமாகச் சிரித்தார். மனுஷர் நல்லவர். ஆனால் தலைவர் ஆயிற்றே, அடுத்த நொடியே கணக்குப் போட்டுவிட்டார். "சரி சார். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மூடிடு. அப்போ எல்லா ஆம்பளையும் ஊர்ல இருப்பான். அப்பால பேச்சே கிடையாது, இன்னா?"

நான் என்ன செய்ய? முடிக்கும் நேரம் என்று ஒன்றை நான் எழுதியிருக்கவில்லை. எல்லோரும் ஊரில் இருக்கும் நேரத்தில் முடிப்பதுதான் முறை. தவறு கண்டுபிடிக்க வழியில்லை. 'சனி மாலை ஆறு மணிக்கு எடுக்கப்படும் ஸ்கிரீன்ஷாட்டே இறுதி' என்று குரூப்பில் போட்டேன். கூரை கவிழ்ந்தது என்று எனக்குத் தெரியும். போட்ட பிறகு நண்டு வாங்கப் போகவே கால் வரவில்லை.

போனேன். மல்லிகா ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சாயங்காலமா சார்?"

"ஆமாம்மா."

"ஆறு மணிக்கா?"

"ஆறு மணிக்கு."

"அப்பால மாத்த முடியாதே?"

"முடியாது."

"சரி" என்றாள். நண்டை எடை போட்டாள். அழுவாள் என்று பயந்து போயிருந்தவனுக்கு அந்தச் 'சரி' என்னவோ போல் இருந்தது.

சனிக்கிழமை. மதியம் படுத்து எழுந்தேன். போனைத் தேடினால் கூடத்தில் சார்ஜில் இருந்தது. "நான்தாங்க போட்டேன். சாயங்காலம் வேலை இருக்குன்னீங்களே" என்றாள் என் மனைவி ராஜேஸ்வரி. எனக்குக் கண் கலங்காத குறை!

ஐந்தரைக்கு டீக்கடைக்குப் போனால் அங்கே ஒரே களேபரம்.

"என்துல சார்ஜ் இல்லடா."

"என்துலயுந்தான். ஆன் கூட ஆவல."

"ஊட்ல சார்ஜரைக் காணோம். கேட்டா, எலி தூக்கினு போயிருக்கும்ன்றா!"

"உங்க ஊட்லயுமா எலி?"

எல்லார் வீட்டிலும் எலி. எல்லா எலியும் சார்ஜரை மட்டுமே தூக்கிப்போகும் எலி. டீக்கடை சார்ஜரைக் கூட, கடைக்காரரின் மனைவி காலையிலேயே வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார். காலையில் கூரைக்குத் தட்டிவிட்டு, டார்ச்சைப் போட்டு, சார்ஜ் தீரும்வரை போனை அரிசிப் பானைக்குள் எரியவிட்டிருக்கிறார்கள். இது பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. கோதண்டத்தின் தம்பி சார்ஜர் வாங்கத் திருப்பாலைவனத்துக்கு பைக்கில் பறந்தார்.

ஆறு மணி ஆனது. ஊரில் உயிரோடு இருந்த ஒரே டச் போனில் நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். காலையில் விட்ட இடத்திலேயே இருந்தது கணக்கு. கூரை!

தம்பி திரும்பி வந்தபோது ஆறு தாண்டிவிட்டது. கையில் புது சார்ஜர், கவர் கூடப் பிரிக்கவில்லை.

"இது செல்லாது சார்" என்றார் கோதண்டம். "நாளைக்கு இன்னொரு வாட்டி வை."

"விதியில் இடமில்லை."

அலுவலகத்தில் இந்த வாக்கியத்தை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருநாளும் இத்தனை ருசியாக இருந்ததில்லை.

"நீங்கதானே தலைவரே ஆறு மணின்னீங்க? அப்பால பேச்சே கிடையாதுன்னும் நீங்கதானே சொன்னீங்க?"

தேசிங்குதான் முதலில் சிரித்தார். "நம்ம ஊட்டு எலியெல்லாம் ரொம்ப உஷாரு, தலைவரே!" அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. கோதண்டமும் சிரித்துத்தான் ஆக வேண்டியிருந்தது. எவ்வளவு திட்டினாலும் ராத்திரிச் சோறு அந்த மருமகள் கையால்தானே?

மறுநாள் காலை படகுத்துறையில் மல்லிகாவின் கூடைகளில் ஒன்றில் நண்டு இல்லை. சாக்கை விலக்கினாள். உள்ளே ஊர் முழுக்கச் சேர்த்த சார்ஜர்கள், வால் வாலாகச் சுருண்டு கிடந்தன. சுற்றி நின்ற பெண்கள், "இது என்துடி", "வுடு, கறுப்பு வயரு எங்களுது" என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? கையில் வந்ததை எடுத்துக்கொண்டு போனார்கள்.

"இதெல்லாம் எங்கம்மா பேசி முடிச்சீங்க? குரூப்ல ஒரு மெசேஜ் கூட இல்லையே?"

"குரூப்புல பேசினா நீங்க படிச்சிடுவீங்களே சார்" என்றாள் மல்லிகா. "தண்ணி லாரிகிட்ட பேசினோம்."

அட! நான் விதி எழுதி, அட்மின் ஆகி, ஊரை ஒன்றுசேர்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்குக் குடத்தோடு நிற்கும் அந்த வரிசைதான் குரூப். அட்மின் கிடையாது. ஸ்கிரீன்ஷாட்டும் கிடையாது. என்னுடைய குரூப் அவர்களுக்குப் பயன்படவில்லை என்று சொல்ல மாட்டேன். தட்டுவதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது, கொடுத்தேன். மற்றதை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

கூரை வந்துவிட்டது. படகு போகாத ஒரு நாளில் ஆண்களே சேர்ந்து சவுக்குக் கம்பு நட்டு, தகரம் போட்டார்கள். முதல் கம்பைப் பிடித்தவர் கோதண்டம்தான். "நான் அப்பவே சொன்னேன், கூரைதான் முக்கியம்னு" என்று இப்போது வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். மல்லிகா தன் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், நிழலில். ஈரத்துண்டு இப்போது நண்டுக் கூடையின் மேல்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு நாலைந்து நாள் கழித்துத்தான் உறைத்தது. ஊர் எலிகள் எல்லாம் என் வீட்டை மட்டும் ஏன் விட்டுவைத்தன? கோதண்டம் வந்து ஆறு மணி என்று பேசிய அன்று, டீ கொடுத்துவிட்டுத் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு போனது யார்? ஸ்கிரீன்ஷாட் எடுக்க ஒரு போனாவது உயிரோடு இருக்க வேண்டாமா?

கல்யாணமான நாளிலிருந்து ராஜேஸ்வரி என் போனுக்குச் சார்ஜ் போட்டது அன்றுதான் முதல் முறை. இனி ஒருமுறை போட்டால், முதலில் வாசலுக்குப் போய் ஊரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனை எடுப்பேன்.